ஒரு மரணத்தின் இரு தேதிகள்

உங்கள் இல்லத்தில் எண்பது வயதைத் தொட்ட மூதாட்டி எவரேனும் இருப்பாராயின், அவர் பிறந்த ஆண்டைக் கேட்டுப் பாருங்கள். எண்ணைச் சொல்லமாட்டார். "தனுஷ்கோடி அழிஞ்ச வருஷம் எனக்கு நிக்காஹ்" என்பார். "காமராசர் விருதுநகர்ல தோத்தப்ப உங்கத்தா என் மடியில இருந்தான்" என்பார். முதலாவது 1964 டிசம்பர், இரண்டாவது 1967. கணக்கை நாம்தான் போட்டுக்கொள்ள வேண்டும். அவருடைய காலம் நாட்காட்டியில் இல்லை, நடந்தவற்றில் இருக்கிறது.

நான் சிறுவனாக இருந்தபோது எங்கள் நன்னி, தம் தாயார் காலத்துச் செய்திகளை இரண்டு கூறாகப் பிரித்துச் சொல்வார். 'கொள்ளைக்கு முந்தி', 'கொள்ளைக்குப் பிந்தி' என்பன அவை. 1899 ஜூன் 6 அன்று சிவகாசி தாக்கப்பட்ட கொடுநிகழ்ச்சியே அவர் குறிப்பிட்ட கொள்ளை. அதற்கும் முந்தியதாக அவருக்குத் தெரிந்தது ஒன்றே ஒன்று, தாது வருஷப் பஞ்சம். இங்கே ஒரு நுட்பம் உண்டு. தமிழ் ஆண்டுகள் அறுபதுக்கு ஒருமுறை திரும்பி வருவன. மக்கள் செத்து மடிந்த தாது வருஷம் 1876இல் பிறந்தது. மறுபடியும் 1936இல் தாது வந்தது. 1996இல் இன்னொரு தாது. ஆகவே ஒரு பெரியவர் 'தாது வருஷம்' என்றால் அது எந்தத் தாது என்று பிரித்தறிய வேண்டும். பாட்டனின் பசியும் பேரனின் பசியும் ஒரே பெயருக்குள் கலந்துவிடுவது உண்டு.

எங்கள் திருத்தங்கல், சிவகாசிக்கு அருகில், விருதுநகர்-தென்காசி இருப்புப்பாதையில் உள்ள ஊர். 2021இல் சிவகாசியோடு இணைக்கப்பட்டு மாநகராட்சியின் ஒரு பகுதியாகிவிட்டது. வெளியூரார் இப்பகுதியைப் பட்டாசாலும் தீப்பெட்டியாலும் மட்டுமே அறிவர். ஆனால் 'தங்கால்' என்ற பழம்பெயரால் இவ்வூர் சிலப்பதிகாரத்திலேயே பேசப்படுகிறது. கட்டுரைக் காதையில் வரும் கதை அது. மழலை மாறாத சிறுவன் ஒருவன், காதால் கேட்டுப் பழகிய வேதத்தை ஓசை பிறழாமல் ஓதிப் பரிசில் பெறுகிறான். அந்தப் பரிசிலே அவன் தந்தை வார்த்திகன் மீது திருட்டுப் பழியைக் கொண்டுவந்து அவரைச் சிறையில் தள்ளுகிறது. பிறகு பாண்டியன் உண்மை உணர்ந்து விடுவிக்கிறான். ஹாபிழ் பிள்ளைகளை வளர்க்கும் சமுதாயத்தவரான நமக்கு அந்தச் சிறுவன் அந்நியனாகத் தோன்றமாட்டான். மனத்தில் ஏந்திய சொல்லையே செல்வமாகக் கருதிய மரபு, இந்த மண்ணில் இரு பக்கத்திலும் இருந்திருக்கிறது.

எழுத்து ஆவணங்களோ ஏழைகளைப் பொறுத்தவரை மிகவும் கஞ்சத்தனமானவை. 1910 வரை எங்கள் பகுதி திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது, பின்னர் இராமநாதபுரம், 1985 முதல் தனி மாவட்டம், முதலில் காமராசர் பெயரிலும் பிறகு விருதுநகர் என்ற பெயரிலும். பழைய தாள் ஒன்றைத் தேடுகிறவர் மூன்று தலைநகரங்களுக்கு அலைய வேண்டும். அலைந்து கண்டெடுத்தாலும் அதில் இருப்பது யார்? வரி கட்டியவர், வழக்காடியவர், நிலம் வைத்திருந்தவர். 1922இல் கல்கத்தாவுக்குச் சென்று தீப்பெட்டித் தொழிலைக் கற்றுத் திரும்பிய ஐய நாடார், சண்முக நாடார் ஆகியோரின் பெயர்களை வரலாறு எழுதி வைத்திருக்கிறது, அது முறையே. அந்தத் தொழிலில் கருகிப் போன பிள்ளைகளின் பெயர்களை எழுதியவர் யார்? அவை தாய்மாரின் நாவில் மட்டுமே தங்கின. அந்த நாக்குகள் ஒவ்வொன்றாக மண்ணுக்குள் போய்க்கொண்டிருக்கின்றன.

எங்கள் குடும்பத்திலும் அப்படி ஒரு பிள்ளை உண்டு. என் தாயாரின் மூத்த சகோதரர். எனக்குப் பெரிய மாமு. மாமு என்று சொல்லவே கூச்சமாக இருக்கிறது; ஏனெனில் அவர் வஃபாத்தானபோது வயது 13. இப்போது என் பேரனின் வயது அது.

நன்னியின் வரலாற்றை நான் 1991இல், அவருக்கு எழுபது வயது கடந்த பிறகு, ஒரு டேப் ரிக்கார்டரில் பதிவு செய்தேன். அவர் சொன்னது இது. நன்னா ஆட்டுச் சந்தையில் தரகு பார்த்தவர். நெஞ்சு நோயால் படுத்துவிட்டார். வீட்டில் அரிசிக்கு வழியில்லை. நன்னியின் தம்பி, அதாவது எங்கள் சின்ன நன்னா, ஒரு தீப்பெட்டி ஆபீஸில் போர்மேனாக இருந்தார். அவர் வந்து பையனுக்கு ஆசை காட்டி, வயதைப் பதினைந்து என்று சொல்லி, வேலைக்குச் சேர்த்துவிட்டார். 14 வயதுக்குக் குறைந்தவர்களைச் சேர்க்கக் கூடாது என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் சொல்லியிருந்த காலம் அது. "ரமலான் இருபத்தேழு. வெள்ளிக்கிழமை. எம் புள்ள நோம்போட போச்சு. பச்சத் தண்ணி நாக்குல படாம போச்சு." மருந்து அறையில் தீப்பற்றியது. அன்று முதல் தம் வஃபாத் வரை நன்னி தம்பி வீட்டு வாசற்படி ஏறவில்லை. தம்பியின் ஜனாஸாவுக்கும் போகவில்லை.

ஆண்டுதோறும் ரமலான் 27இல் அந்தப் பிள்ளையின் பெயரால் பள்ளிவாசலுக்கு நோன்புக் கஞ்சிக்கு அரிசி கொடுப்பது எங்கள் வீட்டு வழக்கம். நன்னி 1994இல் கண் மூடினார். என் தாயார் அந்த வழக்கத்தைத் தொடர்ந்தார்.

பகை மெல்லத் தேய்ந்த பின், 2003இல் சின்ன நன்னாவின் மனைவியை, எங்கள் சின்ன நன்னியை, நான் சந்தித்துக் கேட்டேன். அவர் சொன்னதோ முற்றிலும் வேறு. "பெருநா முடிஞ்சு, மாம்பழம் வந்த காலம்ப்பா. உங்க நன்னிதான் எங்க வீட்டுக்கு வந்து, தம்பிகிட்ட, 'இவன எங்கயாவது சேத்து விடு, அவுக எந்திரிக்கிற வரைக்கும்'னு அழுதாக. அன்னைக்குக் காலைல அந்தப் புள்ள, 'பள்ளிக்கூடம் போறேன்'னு அடம் பிடிச்சிச்சு. இன்னும் ஒரு மாசம் போன்னு சொல்லி உங்க நன்னிதான் அனுப்பிவிட்டாக."

வாசகர்களே, எனக்கு அன்றிரவு உறக்கம் வரவில்லை. என்னை வளர்த்த நன்னி பொய் சொன்னாரா? அல்லது கணவர் மீது விழுந்த பழியைத் துடைக்கச் சின்ன நன்னி கதை கட்டினாரா? இந்த இரு கேள்விகளைத் தவிர வேறெதுவும் அப்போது எனக்குத் தோன்றவில்லை. நினைவைப் பற்றி அறிஞர்கள் என்ன கண்டிருக்கிறார்கள் என்று தேடத் தொடங்கியது அதன் பிறகுதான்.

கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்தில் பார்ட்லெட் என்ற உளவியலாளர் செய்த சோதனை 1932இல் நூலாக வந்தது. வட அமெரிக்கப் பழங்குடியினரின் கதை ஒன்றைப் படிக்கச் செய்து, நாட்கள் கழித்துத் திரும்பச் சொல்லச் சொன்னார். சீல் வேட்டைக்குப் போனவர்கள் மீன் பிடிக்கப் போனவர்களானார்கள், தோணி படகாயிற்று, புரியாத இடங்கள் காணாமற் போயின. கேட்டவர்கள் தங்களுக்குப் பழக்கமான உலகத்துக்கு ஏற்பக் கதையைத் தாமறியாமலே திருத்திக்கொண்டார்கள். நினைவு என்பது பெட்டிக்குள் வைத்த நகை அன்று. எடுக்கும்போதெல்லாம் புதிதாகச் செய்யப்படுவது என்பதே அவர் கண்ட முடிவு.

அது எங்கேயோ படித்த கதை, சொந்த அனுபவம் அப்படியா மாறும் என்று கேட்பீர்கள். 1986 ஜனவரி 28இல் அமெரிக்காவின் சேலஞ்சர் விண்கலம் வானத்தில் வெடித்தது. மறுநாளே மாணவர்களிடம், அச்செய்தியை எங்கே, யாரோடு இருக்கையில் அறிந்தீர்கள் என்று எழுதி வாங்கிக்கொண்டார் நைசர் என்ற உளவியல் பேராசிரியர். ஏறத்தாழ இரண்டரை ஆண்டு கழித்து, அவர்களில் 44 பேரிடம் அதையே கேட்டார். கால்வாசிப் பேர் சொன்ன விவரம் ஒன்றுகூட முதலில் எழுதியதோடு பொருந்தவில்லை. வியப்பு அதுவன்று. அவர்கள் எழுதிய தாளையே காட்டியபோதும் பழைய நினைவு அவர்களுக்குத் திரும்பவில்லை. உறுதியாகச் சொல்வதும் உண்மையாக இருப்பதும் இரு வேறு செய்திகள். இடையில் பொய் என்ற ஒன்று இருந்தே தீர வேண்டும் என்பதில்லை.

நன்னியின் ஒலிநாடாவை மறுபடி போட்டுக் கேட்டேன். முன்பு கவனிக்காத ஓரிடம் அதில் இருந்தது. மௌத்தைப் பற்றிப் பேசும் பகுதி அன்று. பிள்ளையின் சமர்த்தைப் பற்றி அவர் மகிழ்ந்து பேசும் இடம். "அந்த வருஷந்தான் முப்பது நோம்பையும் விடாம பிடிச்சான். சம்பளக் காசுல பெருநாளைக்கு எனக்கு ஒரு சீல எடுத்தாந்தான்." முப்பது நோன்பையும் நோற்ற பிள்ளை இருபத்தேழாம் நாளில் எப்படி மறைந்திருக்க முடியும்? பெருநாளுக்குப் புடவை எப்படி வாங்கியிருக்க முடியும்? இரண்டையும் ஒரே மாலையில், ஒரே பாயில் அமர்ந்து, ஒரே தாய் சொல்லியிருக்கிறார். முரண்பாடு அவருக்குத் தெரியவே இல்லை.

விடை 2009இல் கிடைத்தது. எங்கள் ஜமாஅத்தில் பழைய அடக்கக் குறிப்பேடு ஒன்று அலமாரியில் கிடந்தது. அரபுத் தமிழில் எழுதப்பட்டிருந்தமையால் எங்கள் தலைமுறையில் எவரும் அதைத் திறந்து பார்த்ததில்லை. தமிழ்ச் சொல்லை அரபு எழுத்தில் எழுதும் அந்தக் கலை நம் பாட்டிமாருக்குத் தண்ணீர் பட்ட பாடு. நமக்கோ அது பூட்டிய கதவாகிவிட்டது. (இதை எண்ணி வருந்தத் தனிக் கட்டுரையே எழுதலாம்.) முதிய ஆலிம் ஒருவர் கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் படித்தார். பிள்ளையின் பெயர், தகப்பனார் பெயர், பிறகு இவ்வளவே: ஹிஜ்ரி 1378, ஷவ்வால் பிறை 20, புதன், தீயில்.

ஆங்கிலக் கணக்கில் அது 1959 ஏப்ரல் 29. சித்திரை மாதம். சின்ன நன்னி சொன்ன மாம்பழக் காலம் சரியே. இன்னொன்றையும் கணக்கிட்டுப் பார்த்தேன். அவ்வாண்டு ரமலான் 27, திங்கட்கிழமையன்று வந்தது. நன்னி அடித்துச் சொன்ன வெள்ளிக்கிழமை எங்கே போயிற்று? அது நோன்புப் பெருநாள். 1959 ஏப்ரல் 10, வெள்ளி. பிள்ளை புடவை வாங்கிக் கொடுத்த பெருநாள்!

இப்போது என் நன்னியின் நினைவு செய்த வேலை எனக்கு விளங்கிற்று. நோன்பை ரமலானிலிருந்து எடுத்தது. வெள்ளியைப் பெருநாளிலிருந்து எடுத்தது. மௌத்தை ஷவ்வாலிலிருந்து எடுத்தது. மூன்றையும் ஒரே நாளாகத் தைத்துவிட்டது. பள்ளிக்கூடம் போகிறேன் என்று அடம் பிடித்த அந்தப் புதன் காலை மட்டும் தையலில் விடுபட்டுப் போயிற்று. பிள்ளை வயிறாரத் தின்று கிளம்பியிருந்தால் தாய் மனம் தாங்கியிருக்கும். அழுதுகொண்டே போனதைத் தாங்க முடியாது. நோன்பாளியாக, புனித இரவின் பகலில், வெள்ளிக்கிழமையில் போனான் என்றால் அந்த மரணத்துக்கு ஒரு மதிப்பு வந்துவிடுகிறது.

இப்படி ஒரு தேதி இடம்பெயர்வது எங்கள் வீட்டுக்கு மட்டும் உரிய விந்தை அன்று. இத்தாலியில் தெர்னி என்றொரு எஃகு நகரம். 1949 மார்ச் 17 அன்று, நேட்டோ ஒப்பந்தத்தில் இத்தாலி சேர்வதை எதிர்த்து ஆலையை விட்டு வெளியேறிய தொழிலாளர்கள் போலீசாரோடு மோத நேர்ந்தது. லூயிஜி த்ராஸ்துல்லி என்ற 21 வயது இளைஞர் சுட்டுக் கொல்லப்பட்டார். பல ஆண்டு கழித்து அலெஸ்ஸாந்த்ரோ போர்த்தெல்லி என்ற ஆய்வாளர் அவ்வூர் முதியவர்களிடம் கேட்டபோது, பலர் அந்த மரணத்தை 1953இல் வைத்துச் சொன்னார்கள். ஆயிரக்கணக்கானோர் வேலையிலிருந்து நீக்கப்பட்டுத் தெருவில் போராடிய ஆண்டு அது. உடனடியாகப் பழி தீர்க்காமல் விட்டுவிட்டோமே என்ற வலி அவர்களுக்கு. ஆகவே, சாதாரண ஊர்வலத்தில் நேர்ந்த சாவைப் பெரும்போராட்டத்தின் சாவாக ஊர் மனம் மாற்றி வைத்துக்கொண்டது. இந்தப் பிழையை போர்த்தெல்லி குப்பையில் எறியவில்லை. நடந்தது என்ன என்பதை ஆவணம் சொல்லும். நடந்தது மக்களுக்கு என்னவாக இருந்தது என்பதை அந்தப் பிழைதான் சொல்லும் என்று அதையே ஆராய்ச்சிப் பொருளாக்கினார்.

அதற்காக, யார் எதைச் சொன்னாலும் சரி என்று விட்டுவிடலாமா? கூடாது. நம் முன்னோர் இதில் காட்டிய கண்டிப்பு உலகம் கற்க வேண்டிய ஒன்று. ஹதீஸ் கலையில் செய்திக்கு முன் சங்கிலி வரும். யார் யாரிடமிருந்து கேட்டார், இருவரும் சந்தித்திருக்க இயலுமா, சொன்னவர் நேர்மையாளரா, நினைவாற்றல் உள்ளவரா என்று ஒவ்வொரு கண்ணியையும் தட்டிப் பார்த்தார்கள். நேர்மை வேறு, நினைவாற்றல் வேறு என்று அவர்கள் பிரித்து வைத்ததைக் கவனியுங்கள். மிக நல்லவர், ஆனால் மனனம் பலவீனம் என்று ஒருவரைப் பற்றி எழுதிவைக்க அவர்கள் தயங்கவில்லை. அதா இப்னு ஸாயிப் (ரஹ்) அவர்களுக்கு முதுமையில் நினைவு குழம்பியது. ஷுஅபா (ரஹ்), ஸுப்யான் தௌரீ (ரஹ்) போன்றோர் குழப்பத்துக்கு முன்பே அவரிடம் கேட்டவர்கள். எனவே அவர்கள் வழி வந்தவற்றை ஏற்றார்கள். பிறகு கேட்டவர்களின் அறிவிப்பைத் தள்ளி வைத்தார்கள். முதுமை மறதியை நோயாக அறியாத காலத்தில், ஆயிரத்து இருநூறு ஆண்டுகளுக்கு முன், ஒரு மனிதரின் நினைவை இரு பருவங்களாகப் பிரித்துப் பார்த்த நுட்பம் இது!

குடும்பக் கதையை ஹதீஸின் தராசில் ஏற்றுவது என் நோக்கமன்று. அந்த ஒழுங்கை நம் வீட்டு வரலாற்றுக்குக் கடன் வாங்கலாம் என்கிறேன். நன்னி 1993 வாக்கில் என்னையே அந்தப் பிள்ளையின் பெயர் சொல்லி அழைக்கத் தொடங்கினார். அப்போது அவர் சொன்னவற்றை நான் சாட்சியாக வைப்பதில்லை. 1991இன் நாடாவை வைக்கிறேன்.

நீங்களும் உங்கள் பெரியவர்களிடம் கேட்க அமர்வீர்களாயின், கேள்வியில் கவனம் வேண்டும். 1974இல் லாஃப்டஸ், பால்மர் என்ற இருவர் கார் விபத்துப் படம் ஒன்றைக் காட்டி, கார்கள் என்ன வேகத்தில் வந்தன என்று கேட்டார்கள். 'மோதியபோது' என்று கேட்டவர்களுக்கு ஒரு விடை. 'நொறுங்கியபோது' என்று கேட்டவர்களுக்கு அதைவிட அதிக வேகமான விடை. ஒரு வாரம் கழித்து, உடைந்த கண்ணாடி கண்டீர்களா என்றால், 'நொறுங்கிய' கூட்டத்தில் 50 பேரில் 16 பேர் கண்டோம் என்றனர். படத்தில் கண்ணாடி எதுவும் உடையவே இல்லை. ஆகவே, "அது ரமலான்தானே நன்னி?" என்று கேட்காதீர்கள், ஆமாம் என்பார்கள். "அன்று அடுப்பில் என்ன இருந்தது? கிணற்றில் தண்ணீர் இருந்ததா?" என்று கேளுங்கள். இருவரை ஒன்றாக உட்காரவைத்துக் கேட்காதீர்கள். உரத்த குரல் மெல்லிய குரலை விழுங்கிவிடும். பெரும்பாலும் அந்த மெல்லிய குரல் மருமகளுடையதாக இருக்கும். பத்து வயதிலிருந்து முப்பது வயது வரை நடந்தவையே முதியவர்களின் நினைவில் மிகச் செழிப்பாக நிற்கின்றன என்பது ஆய்வாளர் பலமுறை கண்டறிந்த உண்மை, அங்கிருந்து தொடங்குங்கள்.

குடும்பத்துக்கு வெளியே இருப்பவரையும் கேளுங்கள். இதை நான் வலியுறுத்துவதற்குக் காரணம் உண்டு.

2018இல் ஓர் அம்மையாரைச் சந்தித்தேன். நம் சமுதாயத்தவர் அல்லர். 1959இல் அதே தீப்பெட்டி ஆபீஸில், பதினேழு வயதுப் பெண்ணாக, எங்கள் பிள்ளைக்குப் பக்கத்தில் பெட்டி அடுக்கியவர். யார் அனுப்பினார், யார் சேர்த்தார் என்ற எங்கள் அறுபதாண்டு வழக்கைப் பற்றி அவருக்கு எதுவும் தெரியாது. தெரிந்துகொள்ளவும் அவர் விரும்பவில்லை. "பாய் வீட்டுப் பையனா? அவன் குரோஸ் எண்றதப் பாக்கணும் தம்பி. நூத்தி நாப்பத்தி நாலும் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள எண்ணிருவான். நாங்க பாதிலயே நிப்போம்" என்றார். என்ன பாட்டு என்றேன். சொல் எதுவும் அவருக்கு நினைவில்லை. புரியாத பாஷை என்றார். ஆனால் இராகத்தை முணுமுணுத்துக் காட்டினார்.

அது மௌலிதில் எழுந்து நின்று ஓதும் ஸலவாத்து பைத்து.

அவர் சிரித்துக்கொண்டே இன்னொன்றும் சொன்னார். சனிக்கிழமை சம்பளம் வாங்கியதும் காலணாவுக்குக் கருப்பட்டி மிட்டாய் வாங்கி, எண்ணி எண்ணி எல்லாருக்கும் பங்கு வைப்பானாம். தனக்குக் கடைசியில் எடுப்பானாம். அந்தப் புதன்கிழமையைப் பற்றி நான் கேட்டபோது மட்டும், "அது வேணாம் தம்பி" என்று கையை அசைத்துவிட்டார். நானும் வற்புறுத்தவில்லை. வாய்மொழி வரலாறு சேகரிப்பவர் தம் பதிவை நிறுத்த வேண்டிய இடங்களும் உள்ளன. எங்கள் வட்டாரத்தில் அப்படிப்பட்ட இடங்கள் அதிகம். 2012 செப்டம்பர் 5இல் முதலிப்பட்டியில் பட்டாசு ஆலை எரிந்தபோது, வேலை செய்தவர்கள் மட்டுமல்லர், காப்பாற்றவும் பார்க்கவும் ஓடியவர்களும் மாண்டார்கள். அன்று அங்கே நின்றிருந்தவர்களில் பலர் இன்றும் அதைப் பற்றி வாய் திறப்பதில்லை.

அந்த அம்மையாரின் பதிவை என் தாயாருக்குப் போட்டுக் காட்டினேன். தம் அண்ணனைப் பற்றி அவர் வாழ்நாளெல்லாம் கேட்டது சாவு ஒன்றைத்தான். யாரால் நேர்ந்த சாவு என்ற வழக்கைத்தான். பாட்டுப் பாடியபடி பெட்டி எண்ணிய ஒரு பிள்ளையை அவர் அன்றுதான் முதன்முதலாகக் கண்டார். இரண்டு முறை கேட்டார். பிறகு, "சின்ன மாமி கேட்டாகளா இத?" என்றார். மறுநாள் அவரே என்னை அழைத்துக்கொண்டு சின்ன நன்னி வீட்டுக்கு நடந்தார்.

இருவரும் கேட்டார்கள். யார் மீது பழி என்ற பேச்சை இருவரும் எடுக்கவில்லை. தீர்ந்துவிட்டது என்று நான் சொல்லமாட்டேன். சின்ன நன்னி தம் கணவர் தானாகச் சேர்த்துவிடவில்லை என்பதில் இன்றும் உறுதியாக நிற்கிறார். என் தாயாரும் தம் தாயை விட்டுக் கொடுப்பதில்லை. ஜமாஅத் குறிப்பேடு தேதியைத்தான் சொல்லிற்று. யார் கையைப் பிடித்து அழைத்துப் போனார் என்பதை எந்தக் குறிப்பேடும் சொல்லப் போவதில்லை.

கஞ்சி விஷயம் மட்டும் ஒரு விவாதமாயிற்று. சரியான தேதி தெரிந்துவிட்ட பிறகு ரமலான் 27ஐ ஏன் பிடித்துக்கொண்டிருக்க வேண்டும் என்று என் தம்பி மகன் கேட்டான், நியாயமான கேள்விதான். என் தாயார் சொன்ன பதில்: "அது அவன் போன நாளில்ல, சரி. எங்கம்மா அவனக் கொண்டுபோய் வெச்ச நாளு." அரிசி இன்றும் இருபத்தேழில்தான் போகிறது. குடும்பக் குறிப்பேட்டில் நான் இரண்டையும் எழுதியிருக்கிறேன். ஷவ்வால் 20, புதன்: ஜமாஅத் ஏட்டின்படி. ரமலான் 27, வெள்ளி: தாயார் வாக்கின்படி, 1991இல் நான் நேரில் கேட்டது. மாம்பழக் காலம்: சின்ன நன்னி, 2003. ஸலவாத்து இராகம்: உடன் வேலை செய்தவர், 2018.

சின்ன நன்னிக்கு இப்போது தொண்ணூறு. காது மந்தம், பேச்சு தெளிவு. இன்ஷா அல்லாஹ், வரும் வெள்ளி அஸருக்குப் பின் அவரைப் பார்க்கப் போகிறேன். யார் அனுப்பினார் என்று இந்த முறை கேட்கப் போவதில்லை. அந்தப் பிள்ளை பள்ளிக்கூடத்தில் எந்த வகுப்பு வரை படித்தான், ஸலவாத்து பைத்தை யாரிடம் கற்றான், பெருநாளுக்கு வாங்கிய புடவை என்ன நிறம் என்று கேட்க வேண்டும்.